கை எட்டும் தொலைவில் ஒரு மலை ரயில்: வாசகர் கேள்வி – பதில்

மினியேச்சர் மாதிரிகளைக் கட்டி வண்ணம் தீட்டும் பொழுதுபோக்கைப் பற்றி எழுதத் தொடங்கியதும் மலையின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. இடம் கருதி, ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சமவெளிக்காரர்களுக்கென்று எழுதப்படும் குறிப்புகள் நம் குளிருக்கும் ஈரத்துக்கும் பல வேளைகளில் ஒத்துவருவதில்லை. ஆகவே குன்னூரில் என் மேசையின்மேல் நடந்ததையே பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன்.

ஐயா, நான் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் வாங்கிக் கொடுத்த விமான கிட் (பாகங்களாக வரும் மாதிரி) ஒன்று ஓராண்டாகப் பெட்டியிலேயே கிடக்கிறது. பெட்டியின்மேல் 1:72 என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதன் பொருள் என்ன? தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?
— வாசகி, கோத்தகிரி

அசலில் 72 மில்லிமீட்டர் இருப்பது மாதிரியில் 1 மில்லிமீட்டராகச் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 1:72 அளவில் 24 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருப்பார். பீரங்கி வண்டிகளுக்கு வழக்கமான 1:35 அளவில் ஏறத்தாழ 49 மில்லிமீட்டர் இருப்பார். ரயில் மாதிரிகளில் பரவலாக உள்ள 1:87 அளவில் 20 மில்லிமீட்டரைக்கூட எட்டமாட்டார். இந்த விகிதத்தை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால், பின்னால் வண்ணத்தைப் பற்றி எழும் சந்தேகங்களில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்க ஒரு பக்கம் தட்டையாக உள்ள சிறு கட்டர், கூர்மையான கைவினைக் கத்தி, 400, 800 எண் உப்புத்தாள்கள், ஓர் இடுக்கி, பிளாஸ்டிக் பசை, நல்ல தூரிகைகள் இரண்டு ஆகியவை போதும். பாகத்தை வெட்டும்போது அதன் விளிம்பை ஒட்டி வெட்டாமல், சற்றுத் தள்ளி முதலில் வெட்டிவிட்டு, மீந்திருக்கும் முளையைக் கத்தியால் சீவி எடுங்கள். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துப் பிய்ந்து, பாகத்தில் சிறு குழி விழுந்துவிடும். பிளாஸ்டிக் பசை மற்றப் பசைகளைப் போன்றதன்று. அது இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் (பாலிஸ்டைரின்) இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. ஆகவே ஒட்டுமிடத்தில் வண்ணம் படிந்திருந்தால் அதைச் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

வெளிநாட்டு வண்ணங்கள்தாம் வேண்டும் என்பதில்லை. நம் ஊர் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் கேமல், ஃபெவிகிரில் அக்ரிலிக் வண்ணங்களே பழகுவதற்குப் போதுமானவை. ஆனால் அவை வெறும் பிளாஸ்டிக்கின்மேல் பிடிப்பில்லாமல் உரிந்து வரும் என்பதால், பாகங்களைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, சாம்பல் நிற பிரைமர் (அடிப்பூச்சு வண்ணம்) ஒரு பூச்சுக் கொடுத்த பிறகே வண்ணத்தைத் தொடுங்கள். ஓவிய ஆசிரியர்களிடம் மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. கான்வாஸில் அழகாகத் தெரியும் தூரிகைத் தடம் இங்கே இறக்கைமேல் விழுந்த வாய்க்காலைப் போலத் தெரியும். பால் போல நீர்க்கக் கரைத்து, ஒரு பூச்சுக் காய்ந்தபின் அடுத்தது என்று மூன்று பூச்சுப் பூசுங்கள். முதல் பூச்சு திட்டுத் திட்டாக, பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். அதைக் கண்டு மனம் தளர்ந்து தடிப்பாக அப்பிவிடாதீர்கள்.

ஜூன் மாதம் தொடங்கிய மாதிரி இன்னும் கையில் ஒட்டுகிறது. எனாமல் வண்ணம் மூன்று நாளாகியும் காயவில்லை. ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகிறது. சூப்பர் குளூ வைத்த இடமெல்லாம் சுண்ணாம்பு படிந்தாற்போல் இருக்கிறது. மழை முடியும்வரை இந்தப் பொழுதுபோக்கையே மூட்டை கட்டி வைத்துவிடலாமா?
— வாசகர், கூடலூர்

மூட்டை கட்ட வேண்டாம். மழைக்காலத்தை விட்டால் நமக்கு வீட்டுக்குள் உட்காரும் நேரம் வேறு எப்போது கிடைக்கப்போகிறது? கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்குகிறதென்றால், எங்கள் குன்னூருக்கு வடகிழக்கு மழை அக்டோபரில் வந்து சேர்கிறது. மாதங்கள் வேறானாலும் தொல்லை ஒன்றுதான். ஆனால் நீங்கள் ஒரே தொல்லையாக எழுதியிருப்பவை மூன்று வெவ்வேறு காரணங்களால் வருபவை என்பதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டால் வழி எளிதாகும்.

எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் அதிலுள்ள தின்னர் ஆவியாகிறது. அதன்பின் மீந்திருக்கும் எண்ணெய்ப் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி மெல்ல இறுகுகிறது. இரண்டாவது கட்டம் குளிரில் மிகவும் மந்தமாகிவிடும். தடிப்பாகப் பூசியிருந்தால் மேல்தோல் மட்டும் இறுகி, அடியில் ஈரம் அடைபட்டுக்கொள்ளும். உங்கள் மாதிரிக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்க வேண்டும். அதைத் தொடாமல் ஒரு வாரம் உலர்ந்த இடத்தில் மூடி வையுங்கள். மேலே இன்னொரு பூச்சுக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

வார்னிஷ் வெளுப்பதற்குக் காரணம் வேறு. ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பூசிய பரப்பைச் சட்டென்று குளிர்விக்கிறது. குளிர்ந்த பரப்பின்மேல் காற்றிலுள்ள ஈரம், காலையில் ஜன்னல் கண்ணாடியில் படிவதைப் போலப் படிந்து, வார்னிஷுக்குள்ளேயே சிறைப்பட்டு வெள்ளையாகத் தெரிகிறது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நான்கு மாதம் செலவழித்துக் கட்டிய ஒரு பாய்மரக் கப்பலுக்கு, அக்டோபர் மாத மாலை ஒன்றில், மழை சற்று விட்டிருக்கிறதே என்ற நம்பிக்கையில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் கப்பல் முழுவதும் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறது. மழை விட்டிருந்ததே ஒழிய, காற்றில் ஈரம் விட்டிருக்கவில்லை. பிறகு வெயில் அடித்த ஒரு நண்பகலில் பளபளப்பான வார்னிஷை மெல்லிய ஒரு பூச்சாகக் கொடுத்து, அது இறுகியபின் மேட் வார்னிஷ் அடித்ததில் பெரும்பகுதி மீண்டது. பாய்களின் மடிப்புகளில் இன்றைக்கும் கொஞ்சம் திருநீறு மீதியிருக்கிறது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை மேசையருகே மாட்டிக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்போது ஸ்ப்ரே அடிக்கலாம். 80 விழுக்காட்டைத் தாண்டினால் தூரிகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஸ்ப்ரே டப்பாவைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, துடைத்துவிட்டு அடித்தால் துளிகள் நுண்ணியதாக விழும். கொதிநீரிலோ அடுப்பருகிலோ வைப்பது வெடிப்பில் முடியும். நம் மலை வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிருக்காகக் கணப்பு மூட்டிய அறையில் தின்னர் புட்டியைத் திறக்கவே கூடாது; அதன் ஆவி தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் பேனா) வைத்திருப்பவர்கள் கம்ப்ரஸருக்கும் பேனாவுக்கும் இடையில் ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும்; இல்லையென்றால் வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் வண்ணத்தோடு ஒரு சொட்டுத் தண்ணீரும் வந்து விழும்.

சூப்பர் குளூ இறுகுவதற்கே காற்றின் ஈரம்தான் தேவை. ஈரம் மிகுந்து, காற்றோட்டமும் இல்லாத இடத்தில் அதன் ஆவி ஒட்டியதைச் சுற்றிலும் வெண்பொடியாகப் படிகிறது. பல்குச்சி நுனியால் மிகக் குறைவாக வையுங்கள். ஒட்டியதும் டப்பாவுக்குள் மூடாமல் காற்றாட விடுங்கள். விமானி அறைக் கண்ணாடி, ரயில் ஜன்னல் போன்ற ஒளி புகும் பாகங்களுக்கு சூப்பர் குளூவை எடுக்கவே எடுக்காதீர்கள். சாதாரண ஃபெவிகால் போதும். வெள்ளையாகத் தெரிந்தாலும் காய்ந்ததும் தெளிந்துவிடும்.

காயவைப்பதற்கு நான் பயன்படுத்துவது ஒரு பழைய தகர டிரங்குப் பெட்டி. அதன் ஒரு மூலையில் 40 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றைக் கம்பிக் கூண்டுக்குள் பொருத்தி, மூடியை ஒரு விரற்கடை திறந்து வைத்திருக்கிறேன். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. நமக்கு வேண்டியது அதன் சூடுதானே தவிர வெளிச்சமன்று. உள்ளே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் போனால் மெல்லிய பாகங்கள் வளையக்கூடும். ஆளில்லாதபோது அணைத்துவிடுங்கள்.

என் அக்ரிலிக் வண்ணங்கள் சில தயிர் திரிந்தாற்போலக் கட்டி கட்டியாகிவிட்டன. வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கடைக்காரர் பழைய சரக்கைக் கொடுத்துவிட்டாரா?
— கல்லூரி மாணவர், தலைகுந்தா

கடைக்காரர்மேல் பழி போடுவதற்குமுன் அந்தப் புட்டிகளை எங்கே வைத்திருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜன்னலோரப் பலகை என்றால், குற்றவாளி உங்கள் ஊர் உறைபனிதான். அக்ரிலிக் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள். நீர் உறையும்போது பனிப்படிகங்கள் அந்தத் துகள்களை ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டவைத்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு குலுக்கினாலும் அவை பிரியமாட்டா. அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் புட்டிகளை மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி ஒன்றில் அடுக்கி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

மலை ரயில் பெட்டி ஒன்றை அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் 1:87 அளவில் செய்தேன். ரயில் நிலையத்துக்கே போய், வண்ணத் துண்டுகளை அசல் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து அதே நீலத்தையும் அதே இளமஞ்சளையும் கலந்தேன். அளவிலும் பிழையில்லை. ஆனால் பார்ப்பவர் அனைவரும் "பொம்மை நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். எங்கே தவறினேன்?
— வாசகர், வெலிங்டன்

நீங்கள் தவறியது அந்த ஒப்பீட்டில்தான். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்த கேள்வி இது.

மாதிரியை 40 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று கொள்வோம். 1:87 அளவில் அந்த 40 சென்டிமீட்டர் என்பது அசல் உலகில் ஏறத்தாழ 35 மீட்டர். அதாவது, நடைமேடையில் நின்று கையால் தொட்டுப் பார்த்த பெட்டியின் நிறத்தை, 35 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு பெட்டியின்மேல் பூசியிருக்கிறீர்கள். இடையிலுள்ள காற்றையும், அதிலுள்ள தூசியையும் ஈரத்தையும் கடந்து வரும்போது நிறங்கள் அடங்குகின்றன, கருமை சாம்பலாகிறது, வெண்மையும் தன் கூர்மையை இழக்கிறது, பளபளப்பு குறைகிறது. இந்த மாற்றம் மாதிரியில் தெரியாததால்தான் கண் உங்கள் பெட்டியைச் சிறிய பொருளாக மட்டும் பார்க்கிறது. தொலைவில் நிற்கும் பெரிய பொருளாகப் பார்க்க மறுக்கிறது.

மலையில் இருப்பவருக்கு இதைக் கற்றுத்தரப் புத்தகம் வேண்டியதில்லை. தொட்டபெட்டாவில் ஏறி நின்று கீழே பாருங்கள். காலடியில் உள்ள தேயிலை மஞ்சள் கலந்த பச்சை. அடுத்த சரிவில் இருப்பதும் அதே தேயிலைதான், ஆனால் அதில் பச்சை குறைந்து சாம்பல் ஏறியிருக்கும். அதற்கும் அப்பால் உள்ள முகட்டில் பச்சையே இல்லை, வெறும் நீலம். நம் மலைக்குப் பெயர் கொடுத்த அந்த நீலத்தைத்தான் ஒரு துளி அளவில் மாதிரிக்குள் கொண்டுவரச் சொல்கிறேன்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். உங்கள் நீலத்தில் 10 துளிக்கு ஒன்றரைத் துளி இளஞ்சாம்பலைச் சேருங்கள். 1:72 அளவுக்கு 15 விழுக்காடு, 1:48 அளவுக்கு 10 விழுக்காடு வெளுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு மாதிரி செய்பவர்களிடையே நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. நான் அதைத் தொடக்கப் புள்ளியாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன். கண்தான் இறுதியில் முடிவு செய்ய வேண்டும். தூய வெள்ளையைச் சேர்க்காதீர்கள். சிவப்போடு அது கலந்தால் ரோஸ் நிறமாகிவிடும். நீலமோ மிட்டாய்க் கடை நீலமாகும். தூய கறுப்பையும் எங்கும் பூச வேண்டாம். சக்கரம், அடிச்சட்டம் ஆகியவற்றுக்கு மிக ஆழ்ந்த சாம்பலில் சிறிது பழுப்பைக் கலந்தால் போதும்.

அடுத்தது நிழல். பெரிய பெட்டியில் கூரையின் விளிம்பு தன் கீழே நல்ல நிழலை வீழ்த்தும். சிறு மாதிரியில் அந்த விளிம்பு அரை மில்லிமீட்டர்கூட நீட்டிக்கொண்டிருக்காது என்பதால் நிழலை நாம்தான் வரைய வேண்டும். பழுப்பு வண்ணத்தைத் தேநீர்ப் பதத்துக்கு நீர்க்கக் கரைத்து, பலகை இடுக்குகளிலும் கூரையின் அடியிலும் ஓடவிடுங்கள். அது காய்ந்தபின், பழைய தூரிகை ஒன்றில் இள நீலத்தைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடான விளிம்புகளை மட்டும் வருடிச் செல்லுங்கள். முடிவில் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு, ஈரமானியைப் பார்த்துவிட்டு.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையுள்ள மலை ரயில் பாதையை முழுமையாக மாதிரியாகச் செய்ய ஆசை. எங்கள் வீட்டு மாடியில் 20 அடி அறை ஒன்று காலியாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?
— அண்ணன், தம்பி இருவர், கேத்தி

ஆசைக்கு அணை போட எனக்கு மனமில்லை. ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். 1:87 அளவில் அது 528 மீட்டர் வரும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர், உதகை நிலையம் சுமார் 2,200 மீட்டர். இடையிலுள்ள ஏற்றத்தைச் சுருக்கினால் 21 மீட்டருக்கு மேல் ஆகிறது. உங்கள் 20 அடி அறைக்கு மேல் ஆறேழு மாடி கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே பாதையைச் சுருக்காமல், அதில் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகை 1:87 அளவில் ஏறத்தாழ 52 மீட்டருக்கு 26 மீட்டர் நிலம். ஒரு சிறு பாலம், ஒரு பாறைச் சரிவு, ஓர் எஞ்சின், ஒரு பெட்டி இவற்றுக்கு அது தாராளம். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் வந்த இந்தப் பாதையில் 250 பாலங்களும் 16 சுரங்கங்களும் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பாலம் எடுத்துக்கொண்டாலும் வாழ்நாள் முழுவதற்கும் வேலை இருக்கிறது.

கல்லாறு – குன்னூர் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் பல்சட்டத்தைச் செய்தாக வேண்டும். இருப்புப்பாதையின் நடுவே இரண்டு பல்சட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்றின் பல், மற்றதன் இடைவெளிக்கு நேராக அமைந்திருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் எந்த நேரத்திலும் ஏதேனும் ஒரு பல்லையாவது பிடித்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஓடாத மாதிரி என்றால், பழைய கைக்கடிகாரப் பெட்டிகளிலும் உடைந்த பொம்மைகளிலும் பல்சட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் கீற்றின் விளிம்பில் முக்கோண அரத்தால் சீராக வெட்டிக்கொண்டே போனால், 35 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது போதும். அசல் பாதை மீட்டர்கேஜ். அதாவது, தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். 1:87க்கு 11.5 மில்லிமீட்டர் வரும் என்றாலும் விற்பனையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர் தண்டவாளம்தான். அரை மில்லிமீட்டருக்காக மல்லுக்கு நிற்க வேண்டாம்.

மூன்று இடங்களில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒன்று, சரிவு. இந்தப் பகுதியில் ஏற்றம் மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12க்கு 1. உங்கள் 60 சென்டிமீட்டர் பலகையில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 5 சென்டிமீட்டர் வேறுபாடு இருக்க வேண்டும். தட்டையான பலகையில் தண்டவாளத்தை ஒட்டிவிட்டுப் பின்னால் மலை ஓவியத்தை நிறுத்தினால் அது மலை ரயில் ஆகாது. இரண்டு, எஞ்சினின் இடம். இங்கே எஞ்சின் எப்போதும் பள்ளத்தாக்குப் பக்கத்தில்தான் இருக்கும்; ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். பெட்டிகளின் முன் மேடைகளில் பிரேக்மேன்கள் கொடியோடு நிற்பார்கள். 2 சென்டிமீட்டருக்கும் குறைவான அந்த மனிதரை வைத்தவுடன் காட்சிக்கு உயிர் வந்துவிடும். மூன்று, சிலிண்டர். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டப்பட்ட எக்ஸ் வகை எஞ்சின்களுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் உண்டு. ஒரு ஜோடி சக்கரங்களை ஓட்டுகிறது, மற்றொரு ஜோடி பல்சட்டத்தைப் பிடிக்கும் பற்சக்கரங்களை ஓட்டுகிறது. வேறு நாட்டு எஞ்சின் கிட்டை வாங்கி நீலம் பூசுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். குன்னூரில் எஞ்சின் மாற்றும் நேரத்துக்கு வந்து, நடைமேடையில் நின்று பக்கவாட்டில் பத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் அடியில் வடிந்த எண்ணெய்த் தாரையும், நீராவி கசியும் இணைப்புகளைச் சுற்றிப் படிந்திருக்கும் வெண்படிவும் எங்கெங்கே இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டம் அமைக்கத் தெர்மோகோலில் மலை செய்து பச்சை ஸ்ப்ரே அடித்தேன். மலையே உருகிக் குழி விழுந்துவிட்டது. மண்ணுக்காகத் தூவிய டீத்தூளில் பூஞ்சையும் பிடித்துவிட்டது.
— வாசகி, கொடைக்கானல்

தெர்மோகோலும் பாலிஸ்டைரின்தான்; பிளாஸ்டிக் பசை கிட்டை இளக்குவதைப் போலவே ஸ்ப்ரேயின் கரைப்பான் உங்கள் மலையை இளக்கிவிட்டது. அடுத்த முறை தெர்மோகோலின்மேல் செய்தித்தாள் துண்டுகளை மைதாப் பசையில் தோய்த்து இரண்டு அடுக்கு ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசுங்கள்.

டீத்தூள் நல்ல யோசனை. அதைக் கைவிட வேண்டாம். வடிகட்டிய டீத்தூளைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் உலர்த்தி, பிறகு வெறும் வாணலியில் மொரமொரப்பாகும்வரை வறுத்தெடுங்கள். வெயில் மட்டும் போதாது. உள்ளே நிற்கும் ஈரம்தான் பூஞ்சைக்கு வித்து. ஒட்டுவதற்கு ஃபெவிகாலை இரு பங்கு நீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுச் சேருங்கள்; அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசைநீர் தூளுக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடும்.

செடிகளைப் பந்து பந்தாகச் செய்யாதீர்கள். கொழுந்து பறிக்கும் தேயிலையின் தலை மேசைபோல மட்டமாக இருக்கும்; உயரம் 1:87 அளவில் ஒரு சென்டிமீட்டருக்குள். மெத்தை ஸ்பாஞ்சைக் கீற்றாக வெட்டி, கரும்பச்சையில் முக்கி, காய்ந்தபின் மேல்பரப்பை மட்டும் மஞ்சட்பச்சையால் வருடினால் கொழுந்து வந்துவிடும். இடையில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரங்களை எல்லோரும் பயந்து பயந்து குட்டையாகவே செய்கிறார்கள். 15 மீட்டர் மரம் 1:87 அளவில் 17 சென்டிமீட்டர். ரயில் பெட்டியைவிடப் பல மடங்கு உயரம். துணிந்து உயர்த்துங்கள்.

அருவங்காட்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு இதில் ஆர்வம் வந்திருக்கிறது. ஆனால் கை இலேசாக நடுங்குகிறது. முயலலாமா?
— வாசகர், அருவங்காடு

தாராளமாக முயலலாம். 1:72 வேண்டாம், 1:24 கார் கிட் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பாகத்தைக் கையில் பிடிக்காமல், காலியான மாத்திரைப் புட்டியின் மூடிமேல் ஒட்டி, புட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, உள்ளங்கைகளின் அடிப்பகுதிகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொண்டால் தூரிகையும் பாகமும் சேர்ந்தே ஆடும், கோடு கோணாது. காப்பி குடித்த உடனே கண்ணுக்குப் புருவம் வரைய உட்கார வேண்டாம் என்பது என் சொந்த அனுபவம்.

தோடர் குடிசை ஒன்றைச் செய்து பள்ளிக் கண்காட்சியில் வைக்க விரும்புகிறோம். கூரைக்கு வைக்கோல் நிற வண்ணம் பூசினோம், இயல்பாக இல்லை. சரியான அளவும் தெரியவில்லை.
— எட்டாம் வகுப்பு மாணவிகள், உதகை

அளவிலிருந்து தொடங்குவோம். மரபான குடிசை சுமார் 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். 1:35 அளவில் நீளம் 157 மில்லிமீட்டர், அகலம் 78, உயரம் 87. வாயில் ஏறத்தாழ 3 அடி உயரமும் 3 அடி அகலமும்தான். மாதிரியில் 26 மில்லிமீட்டர். இதே அளவிலான மனித உருவத்தை வாசலருகே வைத்தால், வாயில் அவருடைய இடுப்பளவில் நிற்கும். உள்ளே போக வேண்டுமானால் அவர் குனிந்து தவழ வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் வாயில் ஆள் உயரத்துக்கு இருப்பதால்தான் அது மாட்டுவண்டிக் கூண்டுபோலத் தெரிகிறது.

மூங்கில்களை வில்லாக வளைத்து நெருக்கமாக நிறுத்தி, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்வதே அதன் அமைப்பு. தென்னை ஈர்க்குகளை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு டப்பாவைச் சுற்றி வளைத்துக் கட்டி ஓர் இரவு காயவிடுங்கள், வளைவு நிற்கும். கூரைக்கு வண்ணம் பூசிய அட்டை வேண்டாம். சணல் கயிற்றை 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, நார் நாராகப் பிரித்து, கீழ் விளிம்பில் தொடங்கி மேல்நோக்கி வரிசை வரிசையாக ஒட்டுங்கள். மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் பாதியளவு படிய வேண்டும். மழைநீர் எந்தத் திசையில் வழியும் என்று நினைத்துக்கொண்டு ஒட்டினால் வரிசை தவறாது.

நிறத்தில் நீங்கள் செய்தது வெலிங்டன்காரர் செய்த அதே பிழை. வேய்ந்த அன்று மட்டும்தான் புல் பொன்னிறம். இரண்டு மழையைப் பார்த்த கூரை சாம்பல் கலந்த பழுப்பாகி, வெயில் படாத பக்கத்தில் பாசியும் பிடித்திருக்கும். பழுப்பை நீர்க்கக் கரைத்து நார்களுக்குள் ஓடவிட்டு, காய்ந்தபின் இளஞ்சாம்பலால் வருடி, வடக்குப் பக்கத்தின் அடிவிளிம்பில் மட்டும் மங்கிய பச்சையை ஒற்றி எடுங்கள். குடிசையைச் சுற்றியிருக்கும் தாழ்வான கல்சுவருக்கு ஆற்றங்கரைப் பொடிக்கற்களே போதும்.

தோடர் குடியிருப்பான மந்துக்கு நேரில் போய்ப் பார்ப்பதானால் ஆசிரியரோடு போங்கள். அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேட்டபிறகே படம் எடுங்கள். கோவிலாக இருக்கும் குடிசையை அளக்க நாடாவை எடுத்துக்கொண்டு நெருங்க வேண்டாம். இன்றைக்குத் தோடர் குடும்பங்களில் பெரும்பாலானவை கான்கிரீட் வீடுகளில் வாழ்கின்றன என்பதையும் கண்காட்சி அட்டையில் ஒரு வரி எழுதி வையுங்கள். வாயிலை அடைக்கும் பலகைக்குத் தீக்குச்சிகளைப் பிளந்து ஒட்டலாம். மருந்து நுனியை முதலில் நறுக்கிவிடுங்கள்.